வானத்துச் சரக்குக் கப்பலும் ஒரு பலாக்காயும்

எங்கள் லயத்தில், ஒட்டி ஒட்டி இருக்கும் தோட்டத்துக் காம்பரா வீடுகளின் வரிசையில், என்னைப் பற்றி ஒரு குறை உண்டு. வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பவள் நான். மற்ற வீடுகளிலிருந்து குழம்புக் கிண்ணம் திரும்பும்போது அதற்குள் ஒரு பிடி சீனியோ இரண்டு பச்சை மிளகாயோ இருக்கும். ஒன்றுமே இல்லாத வீட்டிலிருந்தும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது வரும். என் வீட்டிலிருந்து கழுவித் துடைத்த கிண்ணம் மட்டும் போகும். "அவ குடுத்த கிண்ணத்துல எறும்புகூட ஏறாது" என்று பக்கத்துக் காம்பராக்காரி என் காதில் விழும்படியே சொல்வாள். சொல்லட்டும்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்து வைகாசி மழை வரைக்கும் நான் அப்படி இல்லை. அந்த மழையில்தான் என் வீட்டுக்காரரின் வலது கால் போனது. கால் போன பிறகுதான், வானத்தில் ஆளில்லாமல் சாமான் ஏற்றிப்போகும் கப்பல்கள்மேல் அவருக்குப் பைத்தியம் முற்றியது. கிண்ணம், கால், கப்பல் மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் விளங்கும். பலதடவை மனசுக்குள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன கதைதான். இந்த ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையில் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கிறது. அதன் உச்சிப் பிரிவை மேல்கணக்கு என்போம். இரண்டு லயம், ஒரு மாரியம்மன் கோயில், இருபத்திச் சொச்சம் குடும்பம். கீழே ஆற்றோரத்தில் ஸ்டோர். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வது. ரோட்டால் இறங்கினால் முக்கால் மணி நேரம். கம்பியால் போனால் நாலைந்து நிமிஷம். ஆனால் கம்பியில் கொழுந்துச் சாக்குகள்தான் போகும், ஆட்கள் போவதில்லை.

மேலே ஒரு பெரிய சக்கரம், கீழே ஒரு பெரிய சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் இரும்புக் கம்பி. எஞ்சின் கிடையாது. கொழுந்துச் சாக்கு தன் பாரத்தில் இறங்கும்போது, அதே கம்பியின் மறுபக்கத்தில் கொக்கி மேலே ஏறும். அந்தக் கொக்கியில் வெறும் சாக்கோ, உரமோ, கோயிலுக்கு வாழைத்தாரோ வரும். கீழே பாரம் இறங்கினால்தான் மேலே பாரம் ஏறும். சக்கரத்துக்குப் பிரேக் பிடிப்பவர் மேலே நிற்பார். கம்பியை இரும்புக் கம்பால் ஒருமுறை தட்டினால் நிறுத்து, இரண்டு முறை தட்டினால் விடு. அந்தச் சத்தம் மலை முழுக்கக் கேட்கும்.

பிரேக் பிடித்தவர் என் வீட்டுக்காரர். பதினைந்து வருஷம் பிடித்தார். நான் கொழுந்து எடுத்தேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் லயத்துக்குக் கடிதம் எழுதுவதும் என் தலையில்தான்.

தொண்ணூற்றேழில், ரஷ்யாக்காரனின் விண்வெளி நிலையத்தில் ஒரு சரக்குக் கப்பல் மோதிவிட்டதாக ரேடியோவில் செய்தி வந்தது. உள்ளே இருந்தவர்கள் டீவித் திரையைப் பார்த்துக்கொண்டே அதைக் கிட்டக் கொண்டுவந்தார்களாம், அது வேகம் குறையாமல் வந்து இடித்துவிட்டதாம். என் வீட்டுக்காரர் சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டார்.

"டீவியப் பாத்துக்கிட்டு பிரேக் புடிச்சானுங்களா? கம்பியில கை வச்சுப் பாக்காம எப்பிடிப் புள்ள வேகம் தெரியும்?"

"அங்க ஏதுங்க கம்பி?"

"அதான் சொல்றேன். கம்பியே இல்லாம அனுப்புறான் பாரு, அவன் மனுசன்." திட்டுகிறாரா, மெச்சுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. மறுநாளே லயத்தில் அவருக்கு ராக்கெட் என்று பேர் விழுந்துவிட்டது. கோபிப்பார் என்று பார்த்தால், கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார்.

வைகாசி மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் விடியும்போது ரோடு இல்லை. கோயிலுக்குக் கீழே மலை அப்படியே சரிந்து, ரோட்டையும் டெலிபோன் கம்பத்தையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. எங்கள் பக்கம் உயிர்ச்சேதம் இல்லை. கம்பிக்கு என்ன ஆனதோ என்று இவர் சேற்றில் ஓடினார். சக்கரத்துக் கொட்டிலின் தகரம் ஒன்று கழன்று சேற்றுக்குள் கிடந்திருக்கிறது. அது பாதத்தின் ஓரத்தைக் கிழித்ததே இவருக்குத் தெரியவில்லை. இவருக்குப் பல வருஷமாகச் சீனி வியாதி, காலில் பட்டது தெரியாது. கம்பி அறுந்துபோகவில்லை என்ற சந்தோஷத்தில் திரும்பி வந்தவரின் காலைப் பார்த்துக் கத்தியவள் நான்தான்.

மஞ்சள் வைத்துக் கட்டினேன். வேறென்ன இருந்தது? சாப்பிடவும் எங்களிடம் இருந்ததெல்லாம் பலாக்காய்தான். காலையில் பலாக்காய் அவியல், பகலில் பலாக்காய்க் கறி, பொழுது சாய்ந்தால் பலாக்கொட்டை. மூன்று நாளில் பலா வாடை பட்டாலே பிள்ளைகள் அழுதன.

ரோடு போன மூன்றாம் நாள் காலையில் கம்பி இரண்டு முறை அதிர்ந்தது. கீழே ஸ்டோரிலிருந்து தட்டுகிறார்கள். லயமே ஓடிவந்தது. கொழுந்து இல்லை, கீழே இறக்கப் பாரம் வேண்டும். எல்லோரும் சேர்ந்து சாக்குகளில் கல் நிரப்பினோம். வீங்கிய காலை ஒரு பெட்டிமேல் தூக்கி வைத்துக்கொண்டு இவர் பிரேக் பிடித்தார். கல் இறங்க இறங்க, பனிக்குள்ளிருந்து நாலு சாக்கு ஏறி வந்தது. அரிசி, கோதுமை மா, பருப்பு, மெழுகுதிரி. சாக்கு அவிழ்ந்தபோது அரிசி வாசத்துக்கு நான் அழுதுவிட்டேன். இன்றைக்கும் அரிசி களையும்போது சில நாள் அந்த வாசம் வரும்.

பகலுக்குப் பிறகு வெறும் சாக்குகளைத் திருப்பி அனுப்பவேண்டும். அதற்குள் இவருடைய கால் கருநீலமாகிவிட்டது. உடம்பில் சூடு. மருந்து கேட்டு எழுதச் சொல்லி லயத்து ஆட்கள் சொன்னார்கள். நான் எழுதினேன். ஒவ்வொரு எழுத்தும் எனக்கு மனப்பாடம்:

"இவ்விடம் யாவரும் நலம். தங்கள் நலமும் அறிய ஆவல். அனுப்பிய சாமான்கள் கிடைத்தன, மிக்க நன்றி. கம்பிக்காரருக்குக் காலில் சிறு காயம். டாக்டரையாவிடம் சொல்லி முடிந்தால் மருந்து அனுப்பவும்."

கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்கும். கை தானாக எழுதியது. யாவரும் நலமாம்! காய்ச்சலில் கிடக்கும் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதை எழுதினேன். அவருக்கு வந்ததைச் சிறு காயம் என்று எழுதினேன். கேட்கிறோமே என்ற கூச்சத்தில் முடிந்தால் என்றும் சேர்த்தேன்.

அதோடு விட்டேனா? அரிசி வந்த சாக்கு. ஒருவர் அரிசி கொடுத்த சாக்கை வெறுமனே எப்படி அனுப்புவது? வீட்டு மூலையில் ஒரு பலாப் பிஞ்சு கிடந்தது. இரண்டு கைக்குள் அடங்கும் பிஞ்சு. அதைச் சாக்குக்குள் வைத்து, அதன்மேல் கடிதத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்து வாயைக் கட்டினேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். கொக்கியில் மாட்ட வேறு யாரையும் விடமாட்டேன் என்று காய்ச்சலோடு நொண்டிக்கொண்டு கொட்டிலுக்குப் போயிருந்த இவரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். கல் பாரத்தோடு சாக்குகள் இறங்கின. அந்தத் தடவை மேலே வந்தது வெறும் கொக்கி.

மறுநாள் வந்தது வெறும் கொக்கி. அதற்கு மறுநாள் கீழே யாரும் தட்டவே இல்லை. இவர் காய்ச்சலிலேயே எழுந்து உட்கார்ந்து, "தட்டுறாங்க, தட்டுறாங்க" என்று பிதற்றுவார். ஓடிப்போய்க் கம்பியில் காதை வைத்துப் பார்ப்பேன். மழைதான் சொட்டிக்கொண்டிருக்கும். கடிதம் அனுப்பி நாலாம் நாள்தான் மருந்துப் பெட்டி ஏறியது. மாத்திரை கொடுத்தோம். பிறகு இரண்டு நாள் கழித்து மண்ணை வெட்டி ஒற்றையடிப் பாதை போட்டார்கள். கம்பளியைக் கம்பில் கட்டி, அதில் இவரை எட்டுப் பேர் மாறி மாறித் தூக்கி இறக்கி, லொறியில் போட்டுக் கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வயதான டாக்டர் ஒருவர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். "ஏய் மெச்சர பரக்கு?" என்று கேட்டார். ஏன் இவ்வளவு தாமதம் என்று. எனக்கு நன்றாகவே சிங்களம் வரும். அன்றைக்கு வரவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து, ஸ்டோரில் குமாஸ்தாவாக இருக்கும் கிளாக்கர் பிஸ்கட்டோடு ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தார். நல்ல மனுஷர். திரும்பும்போது வராந்தாவில் என்னிடம் சொன்னார்: "அக்கா, பக்கத்துக் கணக்குல மூணு வீடு மண்ணுக்குள்ள போயிருச்சி. மருந்துப்பெட்டி ஒண்ணுதான் இருந்திச்சி. யாருக்கு மொதல்லன்னு நிக்கிறப்போ ஒங்க சாக்கு வந்திச்சி. ரெண்டு கையாலயும் தூக்க முடியாத பலாக்கா! யாவரும் நலம்னு வேற எழுதியிருந்தீங்க. சரி, மேல இருக்கிறவங்க நல்லாத்தான் இருக்காங்கன்னு மனசு ஆறிப்போயிருச்சி. பெட்டிய அங்க அனுப்பிட்டோம்."

அவர்மேல் என்ன குற்றம்? நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். சாப்பிட வழியில்லாதவர்கள் பலாக்காய் அனுப்புவார்களா? பிஞ்சைப்போய் இரண்டு கையாலும் தூக்க முடியாத காய் என்கிறாரே, மரியாதைக்குச் சொல்கிறார் போலும் என்று நினைத்தேன். அதற்குமேல் யோசிக்க அன்றைக்குத் தெம்பு இல்லை.

இவரிடம் நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒன்றரை வருஷம் போனது. அன்றிலிருந்துதான் கிண்ணங்கள் என் வீட்டிலிருந்து வெறுமனே போயின.

கம்பிக்கு வேறு ஆள் வந்தான். இவர் கட்டிலில் உட்கார்ந்தார், பக்கத்தில் ரேடியோ. நான் விடிய எழுந்து சமைத்து, காலுக்குக் கட்டுப்போட்டு, மலைக்குப் போய், வந்து, மறுபடி சமைப்பேன். அடுப்பு புகையும்போது இவர் உள்ளேயிருந்து செய்தி சொல்வார். அந்த வருஷம் தொடக்கத்தில் ஏழு பேரோடு அமெரிக்காக்காரனின் ஓடம் ஒன்று திரும்பும் வழியில் எரிந்துபோனதால், ஆட்களும் சாமானும் ஏற்றுகிற பெரிய ஓடங்களையெல்லாம் நிறுத்திவிட்டார்களாம். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து மேலே கட்டிய புது நிலையத்தில் இரண்டே பேர். அவர்களுக்குச் சோறு தண்ணீர் எல்லாம், சில மாதத்துக்கு ஒருமுறை ரஷ்யாக்காரன் விடும் ஆளில்லாச் சரக்குக் கப்பலில்தான். டவுனில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்பவர், இவருக்காகவே பேப்பரில் வரும் படங்களை எடுத்துவைத்துக் கொடுப்பார். அதைச் சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டுவது என் வேலை.

"இந்தா புள்ள, கேளு. ரெண்டு நாளு தானாவே போவுமாம். தானாவே போயி நிலையத்து வாசல்ல பொருந்திக்குமாம். கதவத் தொறந்தா ஆப்பிள் வாசம் அடிக்குமாம்."

எனக்கு அரிசி வாசம் ஞாபகம் வந்தது. "சாமான எறக்கின பொறகு?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"பொறகென்ன, அதுக்குள்ள குப்பையெல்லாம் அடைச்சி அனுப்பிருவாங்க."

"குப்பையையா? கீழ உள்ளவங்க ஒண்ணும் நெனைக்க மாட்டாங்களா?"

"கீழ வந்தாத்தானே நெனைக்கிறதுக்கு. வர்ற வழியிலேயே எரிஞ்சி போயிரும்."

அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரித்தேன். அன்றைக்கு வெங்காயம் தேவைப்படவே இல்லை. குப்பையைத் திருப்பி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கிற மனுஷர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அடுத்த வருஷம் மார்கழியில் ஒரு செய்தி வந்தது. நிலையத்தில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு குறைந்துவிட்டதாம். முன்பு இருந்தவர்கள் பின்னால் வருகிறவர்களுக்கு வைத்திருந்ததிலிருந்து எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். தரையில் இருந்தவர்களோ மேலே நிறைய இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இப்போது அளவைக் குறைத்துச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். கிறிஸ்மஸுக்குச் சரக்குக் கப்பல் போய்ச் சேராவிட்டால் நிலையத்தைப் பூட்டிவிட்டு இறங்கவேண்டியதுதான்.

இவருக்குச் சோறு இறங்கவில்லை. கப்பல் ஏவப்பட்ட வெள்ளிக்கிழமை தட்டில் பாதியை ஒதுக்கிவைத்தார். எனக்கு வந்ததே கோபம்.

"சீனி வியாதிய வச்சிக்கிட்டு பட்டினி கெடந்து இன்னொரு காலையும் குடுக்கப் போறீங்களா? நம்ம மூணு நாளு பலாக்காயத் தின்னுக்கிட்டு கெடந்தமே, எந்த ரேடியோவுல சொன்னான்?"

"அவங்க சொன்னாங்க புள்ள" என்றார் மெதுவாக. "சாப்பாடு இல்லன்னு வாயத் தொறந்து சொன்னாங்க. அதான் ரேடியோவுல வந்திச்சி."

குத்திக்காட்டவில்லை, வெறுமனே சொன்னார். ஆனால் எனக்கு நெஞ்சுக்குள் போய்த் தைத்தது. சனிக்கிழமை முழுக்க அவர் முகத்தைப் பார்க்காமலே வேலை செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைச் செய்தியின் கடைசியில் ஒரு வரி வந்தது. கப்பல் போய்ச் சேர்ந்துவிட்டது. இவர் கட்டில் சட்டத்தில் ஊன்றுகோலால் இரண்டு முறை தட்டினார். "டீ குடு புள்ள" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த இரண்டு தட்டைக் கேட்டதும் என்னால் அடக்க முடியவில்லை. டீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். யாவரும் நலம் என்று எழுதியதை, சிறு காயம் என்று எழுதியதை, பலாப் பிஞ்சை வைத்ததை, கிளாக்கர் வராந்தாவில் சொன்னதை. "ஒங்க காலு என்னாலதாங்க போச்சி" என்றேன்.

ரேடியோவில் ஏதோ விளம்பரம் ஓடியது. அவர் அதை அணைத்தார்.

"சாக்க கொக்கியில மாட்டினது யாரு?"

"நீங்கதான்."

"பதினைஞ்சி வருசமா மாட்டுறேன். வெறும் சாக்குக்கும் வெறும் சாக்கா இல்லாததுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? அவுத்துப் பாத்தேன்."

"பாத்தீங்களா? பொறகு ஏன் எடுத்துப் போடல?"

"எடுத்தேனே" என்றார். "பிஞ்சு. கையளவு. அவ்வளவு அரிசி அனுப்பினவங்களுக்கு இதையா அனுப்புறதுன்னு மானக்கேடா இருந்திச்சி. கல்லு நெரப்பிக்கிட்டு இருந்தவனக் கூப்பிட்டு, மரத்துலயே பெரிய காயா ஒண்ண வெட்டச் சொல்லி, அத வச்சித்தான் கட்டினேன்."

இரண்டு கையாலும் தூக்க முடியாத காய். கிளாக்கர் மரியாதைக்குச் சொல்லவில்லை.

"ஆஸ்பத்திரியிலேயே எனக்கு வெளங்கிருச்சி" என்றார். "கிளாக்கரு என்கிட்டயும்தான் காயப் பத்திச் சொன்னாரு. ஒன்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னுதான்..."

ஒன்றரை வருஷம் ஒரே காம்பராவுக்குள் இரண்டு பேரும் ஒரே காயை ஒளித்து வைத்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கப்போய் அழுதேன். அவர் என் கையிலிருந்த ஆறிப்போன டீயை வாங்கிக் குடித்தார். சீனி போட்டிருந்தேன். மிச்சம் வைக்காமல் குடித்தார்.

பத்து மணிக்கு மேல் ரேடியோவைத் திரும்பப் போட்டபோது, கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வானத்துச் செய்தி யாருக்கும் ஞாபகம் இல்லை, இவருக்கும் இல்லை.

மூன்றாம் நாள் தோட்டத்து இளந்தாரிகள் கடற்கரைப் பக்கம் கொண்டுபோக லயம் லயமாகச் சாமான் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டில் இருந்த அரிசியில் பாதியையும் இரண்டு சேலையையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டிக் கொடுத்தேன். அவர்கள் அடுத்த காம்பராவுக்கு நகர்ந்ததும் மனசு கேட்காமல் பின்னாலேயே ஓடினேன்.

"தம்பி, இந்தச் சாக்கு திரும்பி வர வேணாம்னு அங்க சொல்லிருங்க. அதுக்குள்ள எதையும் வச்சி அனுப்ப வேணாம். இன்னும் என்னா வேணும்னு மட்டும் எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. நலம் விசாரிக்க வேணாம்."

ராக்கெட் பொண்டாட்டிக்குக் கடல்காரன் சாக்கில் கருவாடு போட்டு அனுப்பிவிடுவானோ என்று பயமாம், என்று ஒருவன் சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உள்ளே கட்டிலில் இருந்தவரும் சிரிக்கவில்லை.